35 வாரத்துப் பேரனும் ஏழு இரவு மருத்துவமனையும்

கடந்த ஆடி மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்போது அவளுக்கு 35 வாரமும் 2 நாளும்தான் ஆகியிருந்தன. பிறந்தவுடன் குழந்தை மூச்செடுக்கவில்லை; அதன்பின் சர்க்கரைக் குறைவு, உடல் குளிர்தல், மஞ்சள் காமாலை என்று ஒவ்வொன்றாக வந்து போயின. ஏழு இரவுகள் அங்கேயே தங்கி, கண்ணால் கண்டவற்றைக் கொண்டு அந்த மருத்துவமனையின் பேறுகாலச் சேவையைப் பற்றியும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைப் பற்றியும் இதை எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிறகு வட்ட மருத்துவமனையிலும் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பிரசவ அறையில் கழிந்தது. எனவே பாட்டியாக மனம் பதறிக்கொண்டிருந்தபோதும், எதைக் கவனிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

34 வாரம் முடிந்து 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தைகளை மருத்துவர்கள் 'லேட் ப்ரீடெர்ம்' என்கிறார்கள். முன்பு இவர்களை 'நியர் டெர்ம்', அதாவது ஏறக்குறைய நிறைமாதம் என்று சொல்லிவந்தார்கள். அந்தச் சொல்லே கவனத்தைத் தளர்த்திவிடுகிறது என்பதால், 2005-இல் அமெரிக்கத் தேசியக் குழந்தைநல ஆய்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் கூட்டம் அதைக் கைவிடச் சொன்னது. நான் வேலை பார்த்த காலத்தில் எங்களை அதிகம் ஏமாற்றியவர்களும் இந்தக் குழந்தைகள்தான். ஒன்றரைக் கிலோவில் பிறக்கும் குழந்தையைக் கண்டால் அனைவரும் ஓடி வருவார்கள். இரண்டரைக் கிலோவை ஒட்டிப் பிறக்கும் குழந்தை பார்வைக்கு முழுமையாக இருப்பதால், நிறைமாதக் குழந்தைகளின் வரிசையிலேயே படுக்க வைக்கப்பட்டுவிடும். ஆனால் 34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாத எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. நுரையீரலிலிருந்து நீர் வற்றவும் கூடுதல் நேரம் பிடிக்கும். இந்த வேறுபாட்டை ஒரு மருத்துவமனையின் எல்லாப் பிரிவினரும் எல்லா வேளையிலும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்பதைக் கொண்டே அதன் சேவையை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் சென்ற இடத்தில் பிரசவ அறை அதை முழுமையாக நினைவில் வைத்திருந்தது. வார்டு பாதிதான் வைத்திருந்தது. கணக்குப் பிரிவுக்கு அது தெரியவே இல்லை.

நள்ளிரவு ஒரு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. இரண்டு மணிக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். மகப்பேறு மருத்துவர் நோய்த்தொற்றைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கினார். குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று நான் கேட்டபோது, அவர் பொறுமையாக உட்கார்ந்து இரு பக்கத்தையும் விளக்கினார். 34 வாரத்துக்கு முன் அந்த ஊசி உயிர் காப்பது என்பதில் ஐயமில்லை என்றும், அதற்குப் பிந்தைய வாரங்களில் மூச்சுத் தொல்லையை ஓரளவு குறைத்தாலும் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை குறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும், வலி வேகமாகக் கூடிவருவதால் ஊசி வேலை செய்யக் கால அவகாசமும் இல்லை என்றும் சொல்லி, போடாமல் விடுவதே நல்லது என்றார். அந்த நேரத்திலும் ஒரு முடிவின் காரணத்தை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிரசவத் துணையாக என்னை உள்ளே இருக்க விட்டார்கள். காலை 11.40-க்குக் குழந்தை பிறந்தது. அதற்கு அரை மணி நேரம் முன்பே குழந்தைநல மருத்துவரும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் செவிலியர்கள் இருவரும் அறைக்குள் வந்துவிட்டார்கள். முதலில் ஏசியை நிறுத்தச் சொன்னார்கள். சுவரில் இருந்த வெப்பமானி 26 டிகிரி காட்டும்வரை மூத்த செவிலியர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மருத்துவமனைகளிலும் பெரியவர்களின் சௌகரியத்துக்காக ஏசி ஓடிக்கொண்டே இருக்க, ஈரத்தோடு வெளியே வரும் குழந்தை சில நிமிடங்களில் குளிர்ந்துபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால் அந்த ஒரு செயலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு குழந்தையைக் கிடத்திச் சூடாக வைக்கும் வார்மர் மேசையைச் சூடாக்கி, மூன்று துணிகளை அதன்மேல் விரித்து, 0 அளவு, 1 அளவு முகமூடிகள் இரண்டையும் எடுத்து வைத்து, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் டி-பீஸ் கருவியின் அழுத்தத்தைச் சரிபார்த்தார்கள். அருகிலேயே, கையால் அமுக்கிக் காற்று ஊதும் பையான அம்பு பேக்கையும் வைத்து, உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துக்கொண்டார்கள். டி-பீஸ் கருவி வாயு வரத்து நின்றால் உதவாது, அம்பு பேக் எதுவும் இல்லாமலே வேலை செய்யும் என்பதால் அது கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். முகமூடி யார் கையில், இதயத் துடிப்பைப் பார்ப்பவர் யார், நேரம் குறிப்பவர் யார் என்பதையும் குழந்தை பிறக்கும் முன்பே பேசிப் பிரித்துக்கொண்டார்கள்.

குழந்தை துவண்டு வந்தது. தாயின் வயிற்றின்மேல் வைத்துத் துடைத்தார்கள், முதுகை நீவினார்கள்; அழுகை இல்லை. ஒரு நிமிடம் காத்திருந்து தொப்புள்கொடியை வெட்டலாம் என்றுதான் முன்பே பேசியிருந்தார்கள். மூச்சு வராததைக் கண்டதும் அந்தத் திட்டத்தை விட்டுவிட்டு, உடனே கொடியைக் கட்டி வெட்டி, குழந்தையை வார்மருக்குக் கொண்டுபோனார்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டுவதும், எல்லாக் குழந்தைக்கும் தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவதும், கேட்பாரின்றி முழு ஆக்சிஜனைத் திறந்து விடுவதுமான காலத்தில் தொழில் கற்றவள் நான். மத்திய அரசு 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் திட்டத்தின் இரண்டு நாள் பயிற்சிக்குப் பிறகுதான், முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்றைச் செலுத்தத் தொடங்குவதே எல்லாவற்றிலும் முதன்மையானது என்பது எங்கள் கைகளில் ஏறியது. அந்த ஒரு நிமிடம் முடியும் முன்பே இவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஆக்சிஜன் கலக்காமல் வெறும் காற்றில்தான் தொடங்கினார்கள். 35 வாரமும் அதற்கு மேலும் ஆன குழந்தைக்கு அதுவே முறை.

முதல் சில மூச்சுகளில் மார்பு எழவில்லை. கொடியின் அடியில் விரல் வைத்திருந்த செவிலியர், துடிப்பு ஒவ்வொன்றுக்கும் மற்றக் கை விரலால் மேசையைத் தட்டிக் காட்டினார். ஆறு விநாடியில் எட்டுத் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 80. மருத்துவர் குரலை உயர்த்தாமல், முகமூடியை எடுத்துச் சரியாகப் பொருத்தச் சொன்னார். தோளுக்கடியில் மடித்த துணியை வைத்துக் கழுத்தைச் சற்றே நிமிர்த்தினார். வாயிலும் பிறகு மூக்கிலும் ஒரு முறை உறிஞ்சிவிட்டு, வாயைச் சிறிது திறந்தபடி மீண்டும் ஊதச் சொன்னார். மார்பு எழுந்தது. "மூச்சு, இரண்டு, மூன்று" என்று ஒரே தாளத்தில் செவிலியர் எண்ணிக்கொண்டே போக, அரை நிமிடத்தில், ஆறு விநாடிக்கான மேசைத் தட்டு பன்னிரண்டானது. இரண்டாம் நிமிடம் முடியும் தறுவாயில் பேரன் அழுதான். அந்த அழுகை கேட்கும்வரை நானும் மூச்சு விடவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

குழந்தையின் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த ஆக்சிஜன் மானி மூன்றாம் நிமிடத்தில் 72 காட்டியது. அதை எட்டிப் பார்த்த என் மகள் பதறிப்போனாள். பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நிமிடத்தில் 70 முதல் 75 வரை, ஐந்தாம் நிமிடத்தில் 80 முதல் 85 வரை இருப்பதே இயல்பு என்றும், பெரியவர்களின் அளவுக்கு வரப் பத்து நிமிடமாவது ஆகும் என்றும் மருத்துவர் அவளைப் பார்த்துச் சொன்னார். குழந்தையின் எடை 2,380 கிராம். பத்து நிமிடம் கழித்து, தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் வெற்று மார்பின்மேல் படுக்க வைத்து, மேலே சூடான துணியைப் போர்த்தினார்கள். மெல்லிய முனகல் இரண்டு மணி நேரம் இருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 66 வரை போனது. உடனே குழந்தையைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு ஓடாமல், மூக்கு மறையாதபடி தலையை ஒருபுறம் சாய்த்து வைத்து, ஒரு செவிலியர் பக்கத்திலேயே நின்று 15 நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சை எண்ணி எழுதினார். முனகல் கூடினால், மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப் கருவியை வைக்க வேண்டும் என்று சொல்லி அதையும் தயாராக வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. பிரசவ அறைச் சேவைக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தார்கள். அரை மணி கழித்துக் குதிகாலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 37 மில்லிகிராம். சீம்பாலைக் கையால் பிழிந்து, மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையில் 5 மில்லி கொடுத்து, மறுபடியும் மார்பில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பின் பார்த்தபோது 51. அதன்பின் முதல் 24 மணி நேரமும் ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்பும் பார்த்தார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் தவறவில்லை. குத்தும்போது குழந்தையைத் தாயின் மார்பிலேயே வைத்திருந்தது நல்ல பழக்கம்.

முதல் சறுக்கல் மறுநாள் காலை நேர்ந்தது. ஆறு மணிக்குப் பணிக்கு வந்த ஆயா, வழக்கப்படி எல்லாக் குழந்தைகளையும் குளிப்பாட்டும் வரிசையில் பேரனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் குழந்தை குளித்து, பவுடர் பூசி, பொட்டு வைத்துத் திரும்பிவிட்டான். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகவில்லை. பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அக்குளில் வைத்த வெப்பமானி 35.9 காட்டியது. 36.5-க்குக் கீழே போனாலே குளிர்ச்சி என்று கொள்ள வேண்டும். குளிர்ந்த குழந்தை உடலைச் சூடாக்கச் சர்க்கரையைச் செலவழிக்கும். சர்க்கரை குறைந்தால் சோர்ந்து பால் குடிக்காது. பால் குடிக்காவிட்டால் மேலும் குளிரும். எந்தக் குழந்தையையும் முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குறைமாதக் குழந்தையை அதற்குப் பின்பும் நிதானித்தே குளிப்பாட்ட வேண்டும். ஆயாமீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொன்னவர் யாருமில்லை. பிரசவ அறையில் 26 டிகிரிக்காக அவ்வளவு பாடுபட்ட மருத்துவமனை, தொட்டிலில் 'குளிப்பாட்ட வேண்டாம்' என்று ஒரு அட்டையைக் கட்டியிருந்தால் போதும். மகளின் மார்போடு அணைத்துப் போர்த்தி வைத்ததில் ஒன்றரை மணி நேரத்தில் 36.7 வந்தது.

அணைத்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, எடை குறைந்த குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இந்த மருத்துவமனையில் அதற்கென்று சாய்வு நாற்காலியும், கட்டிக்கொள்ளும் துணியும் உண்டு. மகள் களைத்துத் தூங்கிய நேரங்களில் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு மகனைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். முதல் முறை கூச்சப்பட்ட அவருக்கு, செவிலியர் ஒருவர் துணியை எப்படிச் சுற்ற வேண்டும் என்று அவசரமில்லாமல் சொல்லிக் கொடுத்தார்.

பால் குடிப்பதுதான் ஏழு நாளும் பெரும்பாடாக இருந்தது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒத்திசையத் தொடங்குவதே 34 வாரத்தை ஒட்டித்தான். 35 வாரத்துக் குழந்தை நான்கு முறை உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போகும். பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் "என்ன சமர்த்து, அழவே இல்லையே" என்று சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. இந்த வயதில் அழாத பிள்ளை சமர்த்துப் பிள்ளை அல்ல. பசியை அழுது சொல்லும் தெம்பில்லாத பிள்ளை. கடிகாரம் பார்த்து இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பி, மார்பில் போட்டு, அது குடித்தது போதாவிட்டால் பிழிந்த பாலைப் பாலாடையில் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பாலாடையை இங்கே புட்டிக்கு மாற்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு நிறைவு தந்தது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, அது நக்கி விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும் என்று சரியாகக் கற்றுக் கொடுத்தார்கள். படுக்க வைத்து மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றும் பழைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். சம்பந்தி அம்மாள் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தபோது, குழந்தைநல மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளாமல், "பாட்டி, சீம்பாலை நீங்களே முதலில் உங்கள் விரலால் தொட்டு வையுங்கள், அதுதான் சேனை" என்றார். அவரும் மகிழ்ச்சியோடு அப்படியே செய்தார். குறை என்றால், பால் கொடுக்கக் கற்றுத்தரும் ஆலோசகர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. பிறந்து மூன்றாம் நாளான அன்று இரவு, மகளுக்கு மார்பு கட்டிக்கொண்டு குழந்தை வாய் வைக்கவே முடியாமல் தவித்தபோது, பணியில் இருந்த இளம் செவிலியர் பால்மாவுக்குச் சீட்டு எழுதத்தான் முன்வந்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கையால் பிழிந்து சமாளித்தோம். என்னைப் போன்ற ஒருத்தி பக்கத்தில் இல்லாத தாய் அன்றிரவு என்ன செய்திருப்பாள்?

இரண்டாவது சறுக்கல் முதலாவதைவிடக் கனமானது. நான்காம் நாள் காலை, குழந்தை பிறந்து ஏறத்தாழ 70 மணி நேரத்தில், வீட்டுக்குப் போகலாம் என்று அச்சடித்த சீட்டு வந்தது. சுகப்பிரசவத் தொகுப்புக் கட்டணம் மூன்று நாளுக்குத்தானாம். அன்று பணியில் இருந்தவர் வேறொரு மருத்துவர். குழந்தையின் எடை 2,220 ஆகக் குறைந்திருந்தது. தோலில் வைத்துப் பார்க்கும் காமாலை மானி 13.2 காட்டியது, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி எழுதியிருந்தார். நிறைமாதக் குழந்தைக்குக் காமாலை மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். இந்தக் குழந்தைகளுக்கு ஈரல் முதிராததால் ஐந்து முதல் ஏழு நாள் வரை ஏறிக்கொண்டே போகும். வீட்டில், நம் மாநிறக் குழந்தையின் தோலில், குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்த மஞ்சளைக் கண்ணால் அளப்பது எனக்கே கடினம். இளவெயிலில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கையும் இந்தக் குழந்தைகளைக் குளிர வைப்பதில்தான் முடியும். நான் சீட்டில் கையெழுத்துப் போட மறுத்து, பிரசவ அறையில் இருந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் மாலையில் வந்து, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, தினமும் இரத்தத்தில் காமாலை அளவைப் பார்க்க எழுதினார். ஐந்தாம் நாள் 15.9, ஆறாம் நாள் 18.8. அன்றே நீலவெளிச்ச சிகிச்சையைத் தொடங்கினார்கள். தாயின் அறையிலேயே மேலும் கீழும் விளக்கு வைத்து, கண்ணை மறைத்து, பால் கொடுக்க மட்டும் வெளியே எடுத்தார்கள். 24 மணி நேரத்தில் 12.9-க்கு இறங்கியது. விளக்கை நிறுத்திய பிறகு மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எட்டாம் நாள் காலை எங்களை அனுப்பினார்கள்.

அனுப்பியபோது செய்தவை ஒழுங்காக இருந்தன. செவித்திறன் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் முடிந்திருந்தன. பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி ஆகியவை அட்டையில் ஏறியிருந்தன. எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட தாள் தந்தார்கள். 48 மணி நேரத்தில் மறுபரிசோதனைக்கும் நாள் குறித்தார்கள். தாளில் இருந்த எண்ணை இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை அழைத்தேன். எடுத்தார்கள்; பதிலும் தெளிவாக இருந்தது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மொத்தத் தொகையில் சிகிச்சையைவிட அறை வாடகைதான் பெரிது; தங்கல் நீடித்தால் எவ்வளவு ஆகும் என்று சேரும்போதே யாரும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவுகளில், 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்கீழ் இந்தச் சிகிச்சை அனைத்தும் இலவசம் என்பதையும் இதைப் படிக்கும் குடும்பங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இதே மருத்துவமனைக்கு மற்றவர்களைப் போகச் சொல்வேனா என்றால், சொல்வேன். பிரசவ அறைக்காகத் தயங்காமல் சொல்வேன். ஆனால் குறைமாதப் பிரசவமாக இருந்தால், குளியலை நிறுத்தி வைக்கச் சொல்லி முதல் நாளே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு பால் கொடுக்க உதவுபவர் யார் என்று விசாரியுங்கள். காமாலை இறங்கத் தொடங்கும் முன் வீட்டுக்குப் போகச் சம்மதிக்காதீர்கள். புறப்படும் அன்று குளியலைப் பற்றியும் மூன்று நாள் சீட்டைப் பற்றியும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். மறுபரிசோதனைக்குப் போனபோது குறைமாதக் குழந்தைகளின் தொட்டில்களில் 'குளியல் வேண்டாம்' என்ற மஞ்சள் அட்டை தொங்கியது. சீட்டைப் பற்றி இன்றுவரை பதில் வரவில்லை.